ஆறு மாடுகளுக்கு ஒரு புதுத் தரை

இரவு முழுக்கப் பெய்த மழை விடியற்காலையில்தான் விட்டிருந்தது. செவலையைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோவதற்காக அவிழ்த்துத் திருப்பினேன். மூன்றாவது அடி வைக்கும்போது அவளுடைய பின்னங்கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விலகின. வயிறு தரையில் படிய, தவளை மாதிரி விரிந்து கிடந்தாள். ஏழு மாதச் சினை. எழுந்திருக்க உந்தும்போதெல்லாம் குளம்புகள் சிமென்டைக் கீறிக்கொண்டு சறுக்கின. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பதறிப்போய் வாலைப் பிடித்துத் தூக்காமல் இருந்தது நல்லதாயிற்று. பழைய சாக்குகளையும் காய்ந்த மண்ணையும் அவள் கால்களுக்குக் கீழே திணித்தோம். பின்னங்கால்களை மெல்ல உள்ளே தள்ளி, கணுவுக்கு மேலே துணி சுற்றி, ஒன்றரை அடி இடைவெளி இருக்கும்படி கயிற்றால் பிணைத்தோம். அப்படிப் பிணைத்தால் மறுபடி கால் விரிந்து தொடைச் சதை கிழியாது. கால் மணி நேரம் மூச்சு வாங்க விட்டபின் ஒரே உந்தலில் எழுந்துவிட்டாள். கால்கள் நடுங்கின. கன்று அசைகிறதா என்று வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வலது விலாவுக்குக் கீழே ஒரு முட்டு முட்டியது. அதன்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தத் தரையை அப்பா 18 ஆண்டுகளுக்கு முன்னால் போட்டார். கழுவ எளிதாக இருக்கும் என்று மேலே சிமென்ட் பால் விட்டு, கரணையால் கண்ணாடி மாதிரி இழைத்திருந்தார்கள். ஆறு மாடுகளும் தினமும் நடந்து நடந்து அதை இன்னும் வழுவழுப்பாக்கிவிட்டன. காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. சாணமும் சிறுநீரும் ஒரு படலமாகப் படிந்துவிட்டால் மனிதர்களே வெறுங்காலோடு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

செவலையைப் பார்க்க வந்த கால்நடை மருத்துவர் அம்மா அவளுடைய இடுப்பையும் தொடையையும் தடவிப் பார்த்தார். எலும்பு முறிவு இல்லை என்றார். பிறகு அங்கேயே நின்று தரையைப் பார்த்தார். "வெள்ளைச்சிக்கு மடிநோய் என்று இந்த ஆண்டு எத்தனை தடவை என்னைக் கூப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். நான்கு தடவை. "கருப்பிக்கு?" இரண்டு. "முட்டி போட்டுப் பாருங்கள் தம்பி, மாடு படுக்கிற இடத்தில். அரை நிமிடம் போதும்."

அவர் போனபிறகு வெள்ளைச்சியின் இடத்தில் முட்டி போட்டேன். பத்து எண்ணுவதற்குள் முட்டி வலித்தது. இருபத்தைந்து எண்ணி எழுந்தபோது வேட்டி முட்டியில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இதே இடத்தில்தான் அவளுடைய மடி இரவெல்லாம் கிடக்கிறது என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பீய்ச்சி முடித்தபின் காம்பின் துளை உடனே மூடிக்கொள்வதில்லை. இறுக மூடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அந்த நேரத்தில் இந்த ஈரத்தில் படுத்தால் கிருமிக்கு வழியைத் திறந்து வைத்தது போலத்தான்.

அன்றே உடைக்கத் தொடங்கிவிடவில்லை. மூன்று இரவுகள் வெறுமனே உட்கார்ந்து பார்த்தேன். மாடு வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். கறவை மாடு ஒரு நாளில் ஏறத்தாழ 12 மணி நேரம் படுத்திருக்க வேண்டும். படுத்திருக்கும்போது மடிக்குப் போகும் இரத்த ஓட்டம் கூடுகிறது, குளம்புக்கு ஓய்வு கிடைக்கிறது, நிதானமாக அசைபோட முடிகிறது. ஒரு லிட்டர் பால் உண்டாக 400 லிட்டருக்கு மேல் இரத்தம் மடி வழியாகப் போய்வர வேண்டியிருக்கிறது. நிற்கிற மாட்டைவிடப் படுத்த மாட்டுக்கு அது சுலபம். எங்கள் தொழுவத்தில் இரவு 11 மணிக்குப் பார்த்தால் இரண்டு மாடுகள்தான் படுத்திருந்தன. மற்ற நான்கும் நின்றுகொண்டே தூங்கி வழிந்தன. வெள்ளைச்சி படுக்கப் போவதுபோலத் தலையைத் தாழ்த்தித் தரையை முகர்வாள், ஒரு முன்னங்காலை மடிப்பாள், உடனே நிமிர்ந்துவிடுவாள். ஒரே இரவில் இப்படி ஏழு முறை செய்தாள்.

மாடு படுக்கிற முறையை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். முன்னங்கால் முட்டிகளை முதலில் மடிக்கும். கடைசி ஒரு சாண் உயரத்துக்கு அந்த முட்டிகள் ஏறக்குறைய விழத்தான் செய்கின்றன. உடம்பின் முன்பாரம் முழுவதும் அவற்றின் மேல்தான். எழும்போது நேர்மாறு: முட்டியில் ஊன்றிக்கொண்டு, தலையைத் தாழ்வாக முன்னே நீட்டி, அந்த வீச்சில் பின்பகுதியை முதலில் தூக்கும். அதற்கு முன்னால் இடம் வேண்டும். தீவனம் போடும் எங்கள் காடியின் சுவர் மாட்டின் பக்கம் 70 செ.மீ. உயரம். தலையை நீட்ட வழியில்லாமல் வெள்ளைச்சி குதிரையைப் போல முன்னங்கால்களை ஊன்றி உட்கார்ந்து, பிறகு பின்பக்கத்தைத் தூக்கினாள். மாடு குதிரை மாதிரி எழுந்தால் அந்த இடம் அதற்குப் போதவில்லை என்று பொருள். 18 ஆண்டுகளாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த காட்சி அது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒரு மாடுகூடப் பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறிந்துகொள்ளவில்லை. முதுகைத் திருப்பி வாலடியை நக்கிக்கொள்ளவுமில்லை. மூன்று காலில் நிற்கத் தரையின் மேல் நம்பிக்கை வேண்டும். வழுக்கும் தரை மாட்டுக்குள் அச்சத்தை உண்டாக்குகிறது என்பதை விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். அதன் இன்னொரு விளைவு நேரடியாக நம் கணக்கில் வருகிறது: பருவத்துக்கு வந்த மாடு அவிழ்த்துவிட்ட நேரத்திலும் இன்னொன்றின் மேல் தாவாது. தாவினால் விழுவோம் என்று அதற்குத் தெரியும். நாம் பருவம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு 21 நாட்களைத் தவறவிடுகிறோம்.

பகலில் தரையை அளந்தேன். ஒரு வாளித் தண்ணீரைக் காடியின் ஓரமாக ஊற்றி, அது எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் என் முதல் அளவுகோல். மூன்றாவது மாட்டின் இடத்தில் தரை அமுங்கி, தண்ணீர் பின்னால் போகாமல் நடுவிலேயே தேங்கியது. மூத்திர வாய்க்கால் என்று பெயருக்கு ஒரு பள்ளம் இருந்தது. அதற்கு வாட்டமே இல்லை, தண்ணீர் ஓடச் சரிவே கிடையாது. ஒரு மாடு நாளொன்றுக்கு 10 லிட்டருக்கு மேல் சிறுநீர் விடும். ஆறு மாடுகளுக்கு 60 லிட்டர். அது சாணத்தோடு கலந்து நிற்கும்போதுதான் கண்ணை எரிக்கும் அம்மோனியா கிளம்புகிறது: சிறுநீரில் இருக்கும் யூரியாவைச் சாணத்தில் இருக்கும் நொதி உடைக்கிறது. இரண்டையும் சீக்கிரம் பிரித்துவிட்டால் வாடை பாதியாகிவிடும். நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. படுத்த மாட்டின் மூக்கு இருக்கும் உயரத்தில் குனிந்து முகர வேண்டும்.

கொத்தனார் அண்ணனுடன் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு மாட்டுக்கு 1.2 மீட்டர் அகலம், ஆறுக்கு 7.2 மீட்டர். நிற்கிற இடம் காடியிலிருந்து வாய்க்கால் விளிம்புவரை 160 செ.மீ. எங்கள் மாடுகளின் உடல் நீளத்துக்கு அது சரியாக இருந்தது. மிகவும் நீளமாக வைத்தால் சாணம் படுக்கும் இடத்திலேயே விழும், குறைத்தால் பின்னங்கால் வாய்க்காலில் தொங்கும். அந்த 160 செ.மீ.க்கு 4 செ.மீ. வாட்டம், அதாவது நாற்பதுக்கு ஒன்று. அதற்கு மேல் சரிவு கொடுத்தால் தண்ணீர் ஓடும்தான். ஆனால் சினை மாட்டுக்குப் பாரமெல்லாம் பின்பக்கம் இறங்கும், படுத்த மாடு பின்னோக்கி நழுவும். வாய்க்கால் 30 செ.மீ. அகலம், தொடக்கத்தில் 5 செ.மீ. ஆழம், முடியும் இடத்தில் 12 செ.மீ. நீளவாக்கில் நூறுக்கு ஒன்று என்ற கணக்கு அது. மூலைகளை வளைவாக இழைக்கச் சொன்னேன். சதுர மூலையில் சாணம் எப்போதும் தங்கிவிடும். காடிச் சுவரை 50 செ.மீ.க்குக் குறைப்பது என்று முடிவு செய்தோம்.

மாடுகளை எங்கே கட்டுவது என்பதுதான் பெரிய கவலை. ஆறையும் ஒரே நேரத்தில் மழைக்காலத்தில் வெளியே நிறுத்த முடியாது. மூன்று மூன்றாகப் பிரித்து, பாதித் தொழுவத்தில் வேலை, மீதிப் பாதியில் மாடுகள் என்று வைத்தோம். மூன்று மாடுகளுக்கு மரத்தடியில் தார்ப்பாய் கட்டி, கீழே ஓர் அடி உயரத்துக்கு மண் மேடு போட்டு, மேலே வைக்கோல் பரப்பினோம். இதில் ஒரு பிழை செய்தேன். அகலத்தைப் பார்த்துக் கருப்பியையும் பெரியவளையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிவிட்டேன். தொழுவத்தில் அவர்களுக்கு நடுவில் எப்போதும் செவலை நிற்பாள். பெரியவள் கொம்பை ஆட்டிக்கொண்டே இருந்ததால் கருப்பி இரண்டு நாள் சரியாகத் தின்னவில்லை. பால் அளவில் அது உடனே தெரிந்தது. மாடுகளுக்குள் யார் முந்தி யார் பிந்தி என்ற வரிசை உண்டு. இடத்தை மாற்றினாலும் பழைய அண்டை மாறாமல் கட்டுவது நல்லது. மூன்றாம் நாள் மாற்றிக் கட்டியபின் சரியாயிற்று.

உடைக்கும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சம்மட்டி, உளி, கடப்பாரை, ஒன்றரை நாள். பழைய தளத்தின் மேலேயே புதுப் பூச்சுப் போட்டால் போதுமே என்று பலர் சொன்னார்கள். இரண்டு விரல் தடிமனுக்குப் போடும் பூச்சு 400 கிலோ மாட்டின் குளம்புக்குத் தாங்காது. ஓரங்களில் பெயர்ந்து, பெயர்ந்த சில்லே பாதத்தைக் கிழிக்கும். உடைத்துப் பார்த்ததும் மூன்றாவது இடம் ஏன் அமுங்கியது என்பதும் தெரிந்தது. கீழே நிரப்பிய மண்ணைத் திமிசுக் கட்டையால் சரியாக இடித்து இறுக்கவில்லை. எலி வளை ஒன்று கை நுழையும் அளவுக்கு ஓடியிருந்தது.

வளையைத் தோண்டி மூடி, மண்ணை நனைத்து நனைத்துத் திமிசு போட்டோம். அதன்மேல் 15 செ.மீ.க்கு உடைகல் பரப்பி, இடைவெளியை மணலால் நிரப்பி மறுபடி இடித்தோம். பழைய தளத்தின் துண்டுகளே உடைகல்லாகப் பயன்பட்டன. மேலே பிளாஸ்டிக் தாள் விரித்தோம். கலவையின் ஈரத்தை மண் உறிஞ்சாமலும், பிறகு மண்ணின் ஈரம் மேலே ஏறாமலும் அது தடுக்கும்.

தளம் போடும் நாள். சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஒன்றரை, முக்கால் அங்குல ஜல்லி மூன்று. தடிமன் 10 செ.மீ. ஒரு 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்று வாளியில் கோடு போட்டு வைத்திருந்தேன். சித்தாள்கள் கலவை இழுக்கக் கடினமாக இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றக் கேட்டார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. தண்ணீர் கூடினால் சிமென்ட் பால் மேலே மிதந்து வந்து, காய்ந்தபின் மாவாக உதிரும். குளம்பும் சிறுநீரும் தினமும் படுகிற தரையில் முதலில் போவது அந்த மேல்தோல்தான். கொத்தனார் அண்ணன் என் பக்கம் நின்றார். "தம்பி சொல்வது சரி. இடித்து இறக்குங்கள், தானாக உட்காரும்" என்றார்.

நூல் பிடித்து, டியூப் மட்டத்தால் அளவு எடுத்து, மட்டப்பலகையால் இழுத்துவிட்டபின், மணியாசுக் கட்டை என்ற மரத் தேய்ப்புக் கட்டையோடு நிறுத்தச் சொன்னேன். கரணை போட்டு இழைக்கக் கூடாது. அவருக்கு இது பிடிக்கவில்லை. 30 ஆண்டுகளாகத் தரையை வழுவழுப்பாக்குவதையே தொழில் நேர்த்தி என்று செய்துவருபவர். சொரசொரப்பாக விட்டுப் போவது அவருக்குக் கை கூசியது. வாளியில் இருந்த சாணத் தண்ணீரைப் பழைய பாதியில் ஊற்றி, அதில் அவரைச் செருப்பில்லாமல் நாலடி நடக்கச் சொன்னேன். இரண்டாவது அடியிலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு அவரே ஒரு தென்னந் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

காடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம் வெறும் துடைப்ப வரிதான். அங்கேதான் மாட்டின் முட்டி படும், அங்கே ஆழமான கோடுகள் வேண்டாம். பின்பகுதியிலும், வாய்க்காலைத் தாண்டிய நடைபாதையிலும் கோடுகள் போட்டோம். ஒரு மரச்சட்டத்தில் 12 மி.மீ. கம்பிகளை 10 செ.மீ. இடைவெளியில் வைரக்கட்டமாகக் கட்டி, ஈரத் தளத்தில் வைத்து மிதித்து அழுத்தி எடுப்பது. கோடு ஏறத்தாழ ஒரு செ.மீ. அகலம், ஒரு செ.மீ. ஆழம். நேர்க்கோடாகப் போட்டால் ஒரு திசையில் மட்டுமே பிடிப்புக் கிடைக்கும். வைரக்கட்டமாக இருந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் குளம்பின் விளிம்பு ஏதோ ஒரு கோட்டில் நிற்கும், தண்ணீரும் சாய்வாக வடிந்துவிடும்.

நேரம் தவறினால் இந்த வேலை கெட்டுவிடும். முதல் சட்டத்தை அவசரப்பட்டு வைத்தேன். எடுத்தவுடன் கோடுகள் தளர்ந்து மூடிக்கொண்டன. பிறகு கண்டுகொண்ட அடையாளம் இது: கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்க வேண்டும், விரலில் கலவை ஒட்டக் கூடாது. அந்த நிலை முக்கால் மணி நேரம்தான் நீடித்தது. கம்பியை எடுக்கும்போது கோட்டின் இரு ஓரத்திலும் மெல்லிய விளிம்பு எழும்பி நிற்கும். அதை அப்படியே விட்டால் காய்ந்தபின் கத்தி மாதிரி ஆகிவிடும். மறுநாள் ஒரு செங்கல்லை எடுத்து உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டையும் தேய்த்தேன். பிறகு உள்ளங்கையால் முழுத் தரையையும் தடவிப் பார்த்தேன். கை உறுத்திய இடத்தில் மறுபடி தேய்ப்பு. முழு நாள் ஆயிற்று. இந்த வேலையில் என்னால் யாரிடமும் விட முடியாமல் போன பகுதி இதுதான்.

அதன்பின் ஈரச் சாக்கு போர்த்தி ஏழு நாள் தண்ணீர். ஏழு நாளில் தளத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வலு வந்துவிடும். முழு வலுவுக்கு 28 நாள். நான் 14-ஆம் நாள் மாடுகளை ஏற்றினேன். வலுவுக்காக மட்டும் காத்திருக்கவில்லை. புதுத் தளம் கடும் காரம்; அதில் ஈரத்தோடு நிற்கும் குளம்பு மென்மையாகித் தேய்ந்துபோகும். நாலைந்து முறை நன்றாகத் தேய்த்துக் கழுவி, பிறகு பழைய சாணத்தைக் கரைத்து முழுத் தரையிலும் பூசிக் காயவிட்டோம். சொரசொரப்பின் கூர்மை அதில் தணிந்தது. பழகிய வாடையும் வந்தது.

முதலில் செவலையைக் கொண்டுவந்தேன். நடைபாதையின் விளிம்பில் நின்றுவிட்டாள். மூக்கைத் தரையோடு வைத்து நீளமாக மூச்சை இழுத்தாள், நாக்கால் ஒருமுறை தொட்டாள். முன் குளம்பை வைத்து எடுத்தாள். கயிறு தளர்ந்தே இருந்தது. இழுக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அவளாகவே உள்ளே வந்து தன் இடத்தில் நின்றாள். குளம்பு தரையில் பதியும் சத்தம் மாறியிருந்தது. முன்பு 'சர்' என்று இழுக்கும். இப்போது 'டக், டக்' என்று நின்றது.

இரண்டாம் பாதியில் நடந்த தவறையும் எழுதிவிட வேண்டும். முதல் பாதி நன்றாக வந்த தெம்பில், இரண்டாம் பாதிக்கு மட்டத்தைப் புதிதாகக் கோடி மூலையிலிருந்து எடுத்தோம். முதல் பாதியின் விளிம்பில் இருந்து எடுத்திருக்க வேண்டும். மூன்றாவது, நான்காவது இடங்களுக்கு நடுவில் இணைப்பு விழுந்த இடத்தில் புதுத் தளம் ஒரு செ.மீ. உயர்ந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் அங்கே வந்து அணை கட்டியதுபோல நின்றது. மேலே தேய்த்துச் சரிசெய்ய முயன்று இரண்டு நாள் வீணாயிற்று. கடைசியில் அந்த இணைப்பை ஓர் அடி அகலத்துக்கு, 5 செ.மீ. ஆழத்துக்கு நேர் ஓரமாக வெட்டி எடுத்தோம். உள்ளே கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, சிமென்ட் பால் தடவி, அது காய்வதற்குள் புதுக் கலவையை நிரப்பினோம். மெல்லிய ஓரத்தோடு ஒட்டுப் போட்டிருந்தால் ஒரு மாதத்தில் பெயர்ந்திருக்கும். மழை குறுக்கிட்ட நாட்களையும் சேர்த்து, ஆறு மாடுகளும் உள்ளே வந்து நிற்க 40 நாள் ஆயிற்று.

தரை சரியானதும் படுக்கை. சிமென்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சிமென்ட்தான். முட்டிப் பரிசோதனையில் ஈரம் போய்விட்டது, வலி போகவில்லை. செவலைக்கும் பெரியவளுக்கும் ரப்பர் விரிப்பு போட்டேன். விரிப்பு போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அதன் அடியில் சிறுநீர் போய் ஒளிந்துகொள்ளும். வாரம் ஒருமுறை தூக்கிக் கழுவிக் காயவைக்காவிட்டால் அதுவே கிருமிக் கிடங்கு. மற்ற நான்கு மாடுகளுக்கும் காய்ந்த வைக்கோல். மரத்தூள் இலவசமாகக் கிடைத்தது. ஈர மரத்தூளில் மடிநோய்க் கிருமிகள் பெருகும் என்று மருத்துவர் அம்மா எச்சரித்ததால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். படுக்கைக்கு மணல் மிகவும் நல்லது, கிருமிக்கு அதில் தீனி இல்லை. எங்கள் வாய்க்காலில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதால் தவிர்த்தேன். மடி படும் பின்பகுதியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை சுண்ணாம்புத் தூளை லேசாகத் தூவுகிறேன். லேசாகத்தான், அளவு மீறினால் காம்புத் தோல் வெடிக்கும்.

கறந்து முடித்ததும் காடியில் பசுந்தீவனம் போடுவதை வழக்கமாக்கியிருக்கிறேன். தின்றுகொண்டே முக்கால் மணி நேரம் நிற்கும். அதற்குள் காம்பின் துளை மூடிக்கொள்ளும். இதற்குச் செலவே இல்லை, தீவனம் போடும் நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

பலன் என்ன என்பதற்கு நான் இரண்டு கணக்குகள் வைத்திருக்கிறேன். ஒன்று, இரவு 11 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் எத்தனை மாடுகள் படுத்திருக்கின்றன என்று நாட்குறிப்பில் குறிப்பது. இப்போது பெரும்பாலான இரவுகளில் ஐந்து, சில இரவுகளில் ஆறும். இரண்டாவது மடிச் சோதனை. நான்கு கிண்ணங்கள் உள்ள ஒரு தட்டில், காம்புக்கு ஒரு கிண்ணமாகப் பாலைப் பீய்ச்சி, சம அளவு சோதனைக் கரைசலை விட்டுச் சுழற்றுவது. 1957-இல் அமெரிக்காவில் ஷால்ம், நூர்லாண்டர் ஆகிய இருவரும் உருவாக்கிய கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை அது. கரைசலில் இருப்பது சோப்பைப் போன்ற ஒரு பொருள்தான். மடியில் அழற்சி இருந்தால் பாலில் வெள்ளணுக்கள் கூடியிருக்கும், அவை உடைந்து உள்ளிருக்கும் மரபுப்பொருள் வெளிவந்து கிண்ணத்தில் கூழாகத் திரளும். கண்ணுக்குப் பால் நல்லதாகவே தெரியும்போதும் இது காட்டிக்கொடுத்துவிடும். வாரம் ஒருமுறை செய்கிறேன். தரை மாறியபின் கடந்த மூன்று மாதங்களில் புதிதாக ஒரு காம்பிலும் கூழ் தட்டவில்லை.

வெள்ளைச்சியின் இடது பின்காம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பழைய நோய் மடித் திசுவுக்குள் தங்கிவிட்டது. புதுத் தரை அதைக் குணப்படுத்தாது என்று மருத்துவர் அம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். பால் வற்றவிடும் நேரத்தில் அதற்குரிய மருந்தைக் காம்பு வழியாகச் செலுத்தலாம் என்றிருக்கிறார். அதுவரை அவளைக் கடைசியில்தான் கறக்கிறேன், கையைக் கழுவிவிட்டே அடுத்த வேலைக்குப் போகிறேன். இந்தத் தரையைச் சில ஆண்டுகளுக்கு முன்பே போட்டிருந்தால் அவளுடைய நான்கு காம்புகளும் நன்றாக இருந்திருக்கும். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

செவலை நாள் தவறாமல் கிடாரிக் கன்று ஈன்றாள். நடைபாதையின் கோடியில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் போட்டு, கட்டாமல் விட்டிருந்தோம். கன்று முதன்முறை எழ முயன்றபோது நான்கு கால்களும் நடுங்கின. ஆனால் ஒன்றும் விலகவில்லை. மூன்றாவது முயற்சியில் நின்றுவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்துவிட்டது.

ஈன்ற எட்டாம் நாள் காலையில் சாணம் வாரிக்கொண்டிருந்தேன். செவலை தலையைத் திருப்பி, இடது பின்னங்காலைத் தூக்கி, குளம்பின் நுனியால் காதுக்குப் பின்னால் நிதானமாகச் சொறிந்துகொண்டாள். மற்ற மூன்று கால்களும் ஊன்றியபடி அசையாமல் இருந்தன. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவள் சொறிந்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் மூன்று மீட்டர் தூரம் இன்னும் மண்தான். மழை பெய்தால் சேறாகிறது. அங்கே உடைகல் போட்டு இடித்து, இதே வைரக்கட்டச் சட்டத்தை வைத்துத் தளம் போடப் போகிறோம். மட்டத்தை இந்த முறை பழைய தளத்தின் விளிம்பிலிருந்தே எடுப்போம். சட்டத்தின் இரண்டு கம்பிகள் வளைந்துவிட்டன; அவற்றை நேர்ப்படுத்திக் கட்டும் வேலை நாளைக்கு.